தொண்டை இல்லாத வாய்கள்

சித்திரத்துக்கு வாய் உண்டு, தொண்டை கிடையாது. ஓவியன் எத்தனை சாமர்த்தியசாலியாயிருந்தாலும் அவன் வரைந்த எலி தானாகக் கீச்சிடாது. வாத்து தானாகக் கத்தாது. அந்த வாய்களுக்கெல்லாம் யாரோ ஒருவர் தம் தொண்டையை இரவல் கொடுக்க வேண்டியிருக்கிறது. இரவல் கொடுத்தவருடைய முகம் திரையில் தோன்றுவதில்லை. படம் பார்த்துவிட்டு எழுந்த குழந்தை வாத்தைப் போல் பேசிக் காட்டுகிறதே தவிர, வாத்தாகப் பேசியவர் யாரென்று கேட்பதில்லை. புகழ் முழுவதையும் ஒரு வாத்துக்குத் தானம் செய்துவிட்டுக் கூலியை மட்டும் வாங்கிக் கொண்டு வீடு திரும்பும் தொழில் உலகத்தில் இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

இந்த விஷயத்தைப் பற்றி நாம் சிந்திக்க நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நம் நண்பர் ஒருவருடைய மகள் பி.காம். பரீட்சையில் தேறியவள். பாங்கி உத்தியோகத்துக்கு மனுப் போடச் சொன்ன தகப்பனாரிடம், "நான் கார்ட்டூன் படங்களுக்குக் குரல் கொடுக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டாள். வீட்டில் பெரிய கலகம் மூண்டது. மத்தியஸ்தம் செய்வதற்கு நம்மை அழைத்தார்கள்.

"ஸார், நீங்களே சொல்லுங்கள். பூனை மாதிரிக் கத்துவதற்கா இவளைக் காலேஜில் படிக்க வைத்தேன்?" என்றார் நண்பர்.

"மாமா, நாங்கள் சின்னக் குழந்தைகளாயிருந்தபோது அப்பா தினம் ராத்திரி நரி மாதிரியும் காக்காய் மாதிரியும் பேசித்தானே கதை சொன்னார்? அப்போது அவருக்கு வெட்கமாயிருந்ததா என்று கேளுங்கள்" என்றாள் பெண்.

நண்பர் பேசாமல் மேல்துண்டைச் சரி செய்து கொண்டார். வழக்கில் பாதி அப்போதே தீர்ந்துவிட்டது. மீதிப் பாதி, "எங்கே, எப்படி ஆரம்பிப்பது?" என்பது. அதற்கு உடனே விடை சொல்ல நம்மால் முடியவில்லை. விசாரித்துச் சொல்வதாக வாக்களித்தோம். அப்படி விசாரித்ததில் கிடைத்த சமாசாரங்கள் ஒரு வீட்டோடு நிற்க வேண்டியவை அல்ல. ஆகையால் இங்கே எழுதுகிறோம்.

சித்திரங்கள் சத்தத்தோடு இசைந்து ஆடிப் பிரஸித்தி பெற்ற ஆரம்ப காலத்தை முதலில் பார்ப்போம். 1928-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 18-ந் தேதி நியூயார்க் நகரத்தில் காலனி தியேட்டரில் 'ஸ்டீம்போட் வில்லி' என்ற சிறிய படம் காட்டப்பட்டது. மிக்கி என்ற எலி அதில் கப்பல் சுக்கானைப் பிடித்துக் கொண்டு சீட்டியடித்தது. பின்னால் அந்த எலிக்குக் குரல் கொடுத்து வந்தவர் வேறு யாருமல்ல. படத்தைத் தயாரித்த முதலாளி வால்ட் டிஸ்னியேதான். 1940-களின் நடுப்பகுதி வரையில் அவரே கொடுத்து வந்தார். அதாவது, இந்தத் தொழிலுக்கு அப்போது பள்ளிக்கூடமும் இல்லை, பட்டமும் இல்லை. யாருக்குச் சரியாக வருகிறதோ அவர் பேசினார்.

டிஸ்னியின் எலியைவிட அவருடைய வாத்தின் கதை இன்னும் ருசிகரமானது. கிளாரன்ஸ் நாஷ் என்பவர் ஓக்லஹாமா ராஜ்யத்துக் கிராமத்துப் பிள்ளை. சிறு வயதிலேயே பறவைகளைப் போலவும் மிருகங்களைப் போலவும் கத்தப் பழகிக் கொண்டார். பிற்பாடு லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்கு வந்து, ஒரு பால் கம்பெனியில் வேலையிலமர்ந்தார். குட்டிக் குதிரைகள் பூட்டிய சிறு பால் வண்டியில் ஊரெல்லாம் போய்ப் பள்ளிக் குழந்தைகளுக்குப் பறவைக் குரல்களைச் செய்து காட்டுவதே அவருக்கு இட்ட வேலை. அவரிடம் ஓர் ஆட்டுக்குட்டிக் குரல் இருந்தது. அந்தக் குரலில் குழந்தைப் பாட்டு ஒன்றைச் சொல்லக் கேட்ட டிஸ்னி, "இது ஆடு அல்ல, வாத்து!" என்று கண்டுகொண்டார். 1934-ஆம் வருஷத்தில் டொனால்ட் டக் பிறந்தது. 1985-ல் தாம் இறக்கும் வரையில், சுமார் ஐம்பது வருஷ காலம், நாஷ்தான் அந்த வாத்து.

இதைக் கேட்ட நேயர்கள், "ஆகா! ஒரு விசித்திரக் குரல் இருந்தால் போதும் போலிருக்கிறதே!" என்று நினைக்கக்கூடும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆட்டைப் போல் கத்தக் கூடியவர்கள் எல்லாத் தேசங்களிலும் உண்டு. அந்தக் கத்தலுக்குள்ளே கோபத்தையும், ரோஷத்தையும், ஏமாற்றத்தையும், பிறகு சமாதானத்தையும் வைத்துப் பேசுவதற்குத்தான் ஆள் அகப்படுவது அருமை. டொனால்ட் பேசும் வார்த்தைகளில் பாதி யாருக்கும் புரிவதில்லை; ஆனால் அது எதற்காகக் கோபித்துக் கொள்கிறது என்பது மூன்று வயதுக் குழந்தைக்கும் புரிகிறது. குரல் கருவி மட்டுமே. நடிப்புத்தான் தொழில்.

இதற்குச் சாட்சி சொல்வதற்கு மெல் பிளாங்க் என்ற மகானுபாவரைவிடத் தகுந்தவர் இல்லை. 1908-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் பிறந்து, ரேடியோ நாடகங்களில் பழகித் தேர்ந்தவர். லாஸ் ஏஞ்சலிஸில் லியான் ஷ்லெஸிங்கர் நடத்தி வந்த கார்ட்டூன் ஸ்தாபனத்தில் சேர விரும்பினார். அங்கே அதிகாரத்திலிருந்த ஒருவர், "எங்களுக்கு வேண்டிய குரல்கள் இருக்கின்றன" என்று ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பினாராம். பிளாங்க் சளைக்காமல் ஒன்றரை வருஷ காலம் அந்தக் கதவைத் தட்டிக் கொண்டே இருந்ததாகத் தம் வாயாலேயே சொல்லியிருக்கிறார். கடைசியில் வேறொருவர் அந்த நாற்காலிக்கு வந்த பிறகுதான் அவருக்குச் சந்தர்ப்பம் கிட்டியது. கிடைத்த வேஷம் என்ன தெரியுமா? குடிவெறி கொண்ட ஒரு காளை! 1937-ல் வெளியான 'பிக்கடார் போர்க்கி' என்ற படத்தில் அந்தக் காளையாகத் தள்ளாடிக் கொண்டு பேசினார். மூன்று வருஷத்துக்கெல்லாம், 1940-ல், பக்ஸ் பன்னி என்ற முயலாகிவிட்டார். முயல் காரட் தின்ன வேண்டும் அல்லவா? பச்சைக் காரட்டைத் தவிர வேறெதைக் கடித்தாலும் காரட்டைக் கடிக்கிற சத்தம் வரவில்லையாம். மென்று விழுங்கிக் கொண்டிருந்தால் அடுத்த வசனத்துக்கு நேரமாகிவிடும். ஆகவே ஒரு கடி, பக்கத்துப் பாத்திரத்தில் ஒரு துப்பல், உடனே வசனம் என்று வேலை நடந்தது.

1961-ஆம் வருஷத்தில் பிளாங்கின் மோட்டார் வேறொரு மோட்டாருடன் பயங்கரமாக மோதியது. சுமார் இரண்டு வாரம் பிரக்ஞையில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பதில் இல்லை. ஒரு டாக்டர், "பக்ஸ் பன்னி, இன்று எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டாராம். படுக்கையிலிருந்து முயலின் குரலில் பதில் வந்தது! அந்த முயல் அவருடைய தொண்டையில் மட்டும் குடியிருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா?

பெரிய கதவு திறக்காதபோது பக்கத்துக் கதவு வழியாக நுழைந்தவர்களும் உண்டு. நியூயார்க்கில் பிளைஷர் சகோதரர்களுடைய சித்திரக் கூடத்தில் ஜாக் மெர்ஸர் என்ற இளைஞர் படம் வரையும் வேலையிலிருந்தார். பாப்பாய் என்ற கப்பற்காரனுடைய குரலை விளையாட்டாகப் பேசிக் காட்டுவது அவர் வழக்கம். முன்பு அந்தக் குரலைக் கொடுத்தவர் விலகிய பின், 1935 முதல் மெர்ஸரே பாப்பாய் ஆனார். ஜூன் போரே என்ற அம்மாளோ பன்னிரண்டு வயதிலேயே ரேடியோ நாடகத்தில் பேசியவர். 1950-ல் வெளியான டிஸ்னியின் 'ஸிண்ட்ரெல்லா' படத்தில் லூஸிபர் என்ற பூனை அவர்தான். அந்தப் பூனைக்கு வசனமே கிடையாது. சீறல், முனகல், பொறாமை, இவ்வளவுதான். நம் நண்பர், "பூனை மாதிரிக் கத்துவதற்கா?" என்று கேட்டாரே, அவருக்கு இந்த அம்மாளின் சரித்திரத்தைச் சொன்னோம். ஏறக்குறைய நூறு வயது வாழ்ந்து, 2017-ல் மறைந்தார். தொண்ணூறு வயதைத் தாண்டியும் தொழிலை விடவில்லை.

பெண்களுக்கு இத்தொழிலில் இன்னொரு வாசலும் உண்டு. சித்திரத்துச் சிறுவனுக்கு ஒருபோதும் வயதாகாது. ஆனால் குரல் கொடுக்கும் நிஜச் சிறுவனுக்கு இரண்டு வருஷத்தில் தொண்டை உடைந்துவிடும். ஆகையால் சிறுவர் பாத்திரங்களைப் பெரும்பாலும் பெண்களிடமே ஒப்படைக்கிறார்கள். 1987-ல் நான்ஸி கார்ட்ரைட் என்பவர் ஒரு கார்ட்டூன் குடும்பத்தில் தங்கை வேஷத்துக்குப் பரீட்சை கொடுக்கப் போனார். அண்ணன் வேஷத்தின் குறிப்பைப் பார்த்ததும், "இதைப் பேசிப் பார்க்கலாமா?" என்று கேட்டுப் பேசினார், பார்ட் ஸிம்ப்ஸன் என்ற குறும்புக்காரப் பையன் ஆகிவிட்டார். ஜப்பான் தேசத்தில் நொஸாவா மஸாகோ என்ற அம்மாள் 1986 முதல் கோகூ என்ற மகாவீரனுக்குக் குரல் கொடுத்து வருகிறார். அந்த நாட்டில் குரல் நடிகர்களுக்கென்று 'ஸெய்யூ' என்ற தனிப் பெயரே இருக்கிறது. பெயர் இருந்தால் மதிப்பும் கூடவே வருகிறது.

இனித் தொழில் நடக்கும் முறையைக் கவனிப்போம். இதில் இரண்டு விதம் உண்டு. அமெரிக்காவில் புதிதாக ஒரு சித்திரப் படம் எடுக்கும்போது பெரும்பாலும் குரலைத்தான் முதலில் பதிவு செய்கிறார்கள். பேசுகிறவர் எங்கே நிறுத்தினார், எங்கே மூச்சு வாங்கினார் என்று பார்த்து அதற்குத் தக்கபடி ஓவியர்கள் வாயை வரைகிறார்கள். அங்கே நடிகருக்குச் சுதந்திரம் அதிகம். ஆனால் கண்ணெதிரே படம் இராது. காற்றில் படம் வரைந்து கொண்டு பேச வேண்டும். ஜப்பானியர்கள் பெரும்பாலும் படத்தை முதலில் வைத்துக் கொண்டு பிறகு பேசுகிறார்கள்.

நம் நாட்டுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கிடைக்கக்கூடியது டப்பிங். வேறொரு பாஷையில் முடிந்துபோன படத்துக்கு நம் பாஷையில் பேசுவது. வாய் ஏற்கெனவே அசைந்தாகிவிட்டது. அந்த அசைவுக்குள்ளே நம் வார்த்தைகளை அடக்க வேண்டும். வெளிநாட்டுப் பாத்திரம் இரண்டு சிறு சொல்லில் முடிப்பதற்குத் தமிழில் வினைமுற்றோடு ஆறு எழுத்து கூட வேண்டியிருக்கும். 'ப', 'ம' போன்ற எழுத்துக்களுக்கு உதடு மூட வேண்டும். திரையில் உதடு திறந்திருந்தால் பொய் வெளிப்பட்டுவிடும். இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. 1943-ல் கன்னடத்தில் எடுத்த ஹரிச்சந்திரன் கதையை ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 1944-ல் தமிழ் பேச வைத்து வெளியிட்டார். அன்று தொடங்கிய வேலை இன்று சென்னையில் பலருக்குச் சோறு போடுகிறது. 2007-ல் சுட்டி டி.வி. வந்த பிறகு, டோரா என்ற சிறுமியும் ஜாக்கி சானும் நம் கூடங்களில் தமிழ் பேசியது எந்தக் குழந்தைக்குத் தெரியாது? அவர்களுக்காகப் பேசியவர்கள் யார் யார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, ஆரம்பிப்பது எப்படி? நம் நண்பரின் மகளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறோம். முதற் காரியம், தினம் அரைமணி நேரம் உரக்கப் படிப்பது. செய்தித்தாளையும் படிக்கலாம், நாடகத்தையும் படிக்கலாம். ல, ள, ழ மூன்றும் தனித்தனியே காதில் விழ வேண்டும். இரண்டாவது, பிறரைப் போல் பேசிக் காட்டுவதோடு நின்றுவிடாமல் நடிக்கக் கற்றுக் கொள்வது. பத்து நடிகர்களைப் போல் பேசத் தெரிந்தவனுக்குப் பதினோராவதாக ஒரு புதுப் பாத்திரம் வரும்போது கை கால் ஓடாது. நாடகக் குழு எதிலாவது ஒரு வருஷம் இருந்தால் அதுவே நல்ல பாடசாலை. மூன்றாவது, மைக்கின் சுபாவத்தை அறிந்து கொள்வது. அது செவிடு அல்ல; கூச்சல் போட வேண்டியதில்லை. பல்லைக் கடிப்பதும், காகிதத்தைப் புரட்டுவதும், கண்ணாடி வளையல் குலுங்குவதும் அதற்குக் கேட்கும்.

நான்காவது, மாதிரிப் பதிவு ஒன்று தயார் செய்வது. ஒன்று அல்லது ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். கேட்கிறவர்களுக்குப் பொறுமை குறைவு. முதல் பத்து விநாடியிலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். ஐந்தாறு குணச்சித்திரங்கள், ஒன்றுக்கொன்று வேறுபட்டவை, போதும். இதற்காகப் பெரிய செலவு செய்ய வேண்டியதில்லை. துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதற்கு நேராகப் பேசினால் எதிரொலி அடங்கிவிடும். பட்டுப் புடவைகள் இதுவரை செய்யாத உபகாரம் இது. பணம் கட்டினால் ஒரு மாதத்தில் நட்சத்திரமாக்குகிறோம் என்று சொல்கிறவர்களிடம் போவதற்கு முன்னால், அவர்களிடம் படித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று விசாரித்துக் கொள்வது நலம். சென்னையில் டப்பிங் கலைஞர்களுக்குச் சங்கம் இருக்கிறது; அதன் விதிகளை நேரில் போய் அறிந்து கொள்ள வேண்டும். தொடக்கத்தில் கிடைப்பது கதாநாயகி வேஷம் அல்ல. சந்தைக் கூட்டத்தில் ஒரு குரல், பள்ளிக்கூடச் சத்தத்தில் ஒரு குரல், இவைதாம். மெல் பிளாங்கே குடிகாரக் காளையாகத்தானே தொடங்கினார்?

கடைசியாகச் சொல்லப் போவதுதான் முக்கியமானது. 1937-ல் உலகத்தைப் பிரமிக்க வைத்த 'ஸ்னோ ஒயிட்' படத்தில் அந்த ராஜகுமாரியின் குரல் அட்ரியானா கஸலாட்டி என்ற பெண்ணுடையது. சங்கீத ஆசிரியரான தகப்பனாரிடம் டிஸ்னியின் ஆள் டெலிபோனில், "சிறுமியின் குரல் போன்ற பாட்டுக் குரல் யாருக்காவது இருக்கிறதா?" என்று கேட்டபோது, வீட்டின் இன்னொரு டெலிபோனில் ஒட்டுக் கேட்டுக் கொண்டிருந்த இவர் அப்போதே பாடிக் காட்டி வேலையைச் சம்பாதித்தாராம். கெட்டிக்காரத்தனந்தான். ஆனால் கிடைத்த ஊதியம் 970 டாலர். படத்தில் அவர் பெயர் போடப்படவில்லை. படம் கோடிக்கணக்கில் சம்பாதித்தது. பிளாங்கின் கதையோ வேறு. சம்பள உயர்வு கேட்டார், முதலாளி மறுத்தார். "அப்படியானால் என் பெயரையாவது திரையில் போடுங்கள்" என்றார். முதலாளிக்குக் காசு செலவில்லாத யோசனை, உடனே சம்மதித்தார். 1940-களில் அவருடைய பெயர் திரையில் வரத் தொடங்கிய பிறகே ரேடியோ ஸ்தாபனங்கள் அவரைத் தேடி வந்தன. ஆனால் அதே படங்களில் அவருக்கெதிரே வேட்டைக்காரனாகப் பேசிய ஆர்தர் பிரையன் போன்றவர்களுடைய பெயர்கள் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்றைக்கு ஆபத்து பெயரோடு நிற்கவில்லை. ஒருவர் சில நிமிஷம் பேசிய பதிவை வைத்துக் கொண்டு, அவர் ஒருபோதும் பேசாத வசனங்களை அவர் குரலிலேயே பேசவைக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. அமெரிக்காவில் நடிகர் சங்கத்தார் 2023-ல் செய்த வேலை நிறுத்தத்திலும், வீடியோ விளையாட்டுக்களுக்குக் குரல் கொடுப்போர் 2024-ல் தொடங்கி ஏறக்குறைய ஒரு வருஷம் நடத்திய வேலை நிறுத்தத்திலும் இந்தக் கேள்வி முன்னணியில் நின்றது. ஆகவே, முதல் வேலை கிடைத்த சந்தோஷத்தில் கண்ணை மூடிக் கொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. எந்தப் படத்துக்காக, எத்தனை காலத்துக்கு, இயந்திரத்துக்குப் பயிற்சி கொடுக்க இந்தக் குரலை உபயோகிக்கலாமா கூடாதா என்ற மூன்றையும் கேட்டு எழுதி வாங்க வேண்டும். நிலத்தை விற்கும்போது நாலு எல்லையையும் பத்திரத்தில் எழுதுகிறார்கள். குரல் நிலத்துக்குக் குறைந்த சொத்தா?

நம் தேசத்துக்கு இந்தக் கலை அந்நியமானதென்று யாரும் நினைக்க வேண்டாம். தோற்பாவைக் கூத்தை நேயர்கள் பார்த்திருக்கலாம். வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு எரிகிறது. ராமன், சீதை, ராவணன், அனுமார் எல்லாரும் தோலில் வெட்டிய சித்திரங்கள். அத்தனை பேருக்கும் குரல் கொடுப்பவர் திரைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் ஒரே கலைஞர். கையால் பொம்மையை ஆட்டிக் கொண்டு, வாயால் ராமனாக உருகி, மறு கணமே ராவணனாகக் கர்ஜிக்கிறார். வால்ட் டிஸ்னி பிறப்பதற்கு வெகு காலம் முன்பே சித்திரங்களைப் பேச வைத்த பரம்பரை அது. இன்று அந்தக் கூத்து நடத்தும் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவையாகிவிட்டன. அவர்களிடம் போய் ஒரு மாதம் உட்கார்ந்தால், எந்தப் பட்டணத்து வகுப்பிலும் கிடைக்காத பாடம் கிடைக்கும் என்பது நம் அபிப்பிராயம்.

கிளாரன்ஸ் நாஷ் தம் கடைசிக் காலத்தில் ஒரு காரியம் செய்தார். டிஸ்னி கூடத்தில் படம் வரைந்து கொண்டிருந்த டோனி அன்ஸெல்மோ என்ற இளைஞரை அருகில் வைத்துக் கொண்டு வாத்துப் பாஷையைக் கற்றுக் கொடுத்தார். நாஷ் மறைந்த 1985-ஆம் வருஷத்துக்குப் பிறகு அன்ஸெல்மோ அந்த வாத்தானார். குரு போய்விட்டார், குரல் போகவில்லை. நம் தமிழ்க் குழந்தைகளின் கார்ட்டூன்களில் பேசுகிறவர்களுக்கும் இப்படிச் சிஷ்யர்கள் கிடைக்க வேண்டும். படம் முடியும்போது அவர்கள் பெயரும் திரையில் ஓட வேண்டும். அந்த நேரத்தில் உடனே சானலை மாற்றிவிடாமல், பெரியவர்கள் அந்தப் பெயர்களை ஒருதரம் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டினால் போதும். முகமில்லாத அந்த நடிகர்களுக்கு அதைவிட வேறு கைதட்டல் வேண்டியதில்லை.